வள்ளம் வலித்தவள்: நாயகனின் பயணத்தை மாணவியரோடு வாசித்தல்

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, ஆசிரியர்களுக்கும் உயர்தர வகுப்பு மாணவியருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் இரத்த அழுத்தத்தைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம். அந்தப் பேச்சை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று நாங்கள் ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "நாங்கள்" என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. சனிக்கிழமைகளில் பாடசாலை நூலகத்தில் நடக்கும் வாசிப்பு வட்டத்தை நடத்துவது எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேர். ஒருவர் வங்கியில், ஒருவர் பிரதேச செயலகத்தில், இருவர் ஆசிரியர்கள், ஒருவர் வைத்தியசாலையில். பேசும் பொறுப்பு மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்புத் தொடங்கும்வரை சில மாதங்கள் கிடைத்துவந்தன. அந்த மாதங்களையும் ரியூசன் கொட்டில்கள் எடுத்துக்கொண்டுவிட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். மிஞ்சிய சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணித்தியாலங்களைத்தான் நாங்கள் கேட்டோம். 2022 ஆம் ஆண்டு "பொன்னியின் செல்வன்" திரைப்படத்தின் முதற்பாகம் வெளிவந்தபோது, நூலகத்தில் அந்நாவலைக் கேட்டு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. அதைப் பிடித்துக்கொண்டோம். இதுவரை மூன்று தொகுதி மாணவியரோடு அந்நாவலை வாசித்திருக்கிறோம்.

ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். முழுவதையும் சனிக்கிழமைகளில் வாசித்து முடிக்க முடியாது. முதலிரண்டு பாகங்களான "புதுவெள்ளம்", "சுழற்காற்று" ஆகியவற்றை ஒன்றாக வாசிப்போம். மிகுதியைப் பிள்ளைகள் வீட்டில் வாசிப்பார்கள். வாசிக்காமல் இருக்க முடிவதில்லை. கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடிக்கும் விதம் அப்படி. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்க வைத்தவர் அல்லவா?

எங்கள் தலைமுறை இந்நாவலை வாசித்தது ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் பாகங்கள் வீடு வீடாகக் கைமாறும். இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் பாகம் யாரிடமும் இல்லை. இரண்டை முடித்துவிட்டு நேரே நான்குக்குப் போனவர்கள் நாங்கள். "கொலைவாள்" கைக்கு வந்தபோது பலருக்குப் பல்கலைக்கழகமே தொடங்கிவிட்டது. இது போகட்டும்.

இனி விடயத்துக்கு வருவோம். "நாயகனின் பயணம்" என்ற கருத்தை உலகம் முழுவதும் உயர்நிலை வகுப்புகளில் இலக்கியத்தோடு சேர்த்துக் கற்பிக்கிறார்கள். அதைச் சொன்னவர் ஜோசப் கம்பெல் என்ற அமெரிக்கர். 1949 இல் வெளிவந்த "ஆயிரம் முகங்கொண்ட நாயகன்" என்ற நூலில், உலகத்துத் தொன்மக் கதைகளுக்கெல்லாம் அடியில் ஒரே கதை ஓடுகிறது என்றார். ஒருவன் தன் ஊரை விட்டுப் புறப்படுகிறான், தெரியாத உலகத்தில் சோதனைகளைச் சந்திக்கிறான், பெற்ற பேறோடு திரும்பி வருகிறான். புறப்பாடு, சோதனை, மீள்வருகை. இதைக் கம்பெல் 17 கட்டங்களாகப் பிரித்தார். பின்னர் கிறிஸ்தோபர் வொக்லர் என்பவர் திரைக்கதை எழுதுவோருக்காக 12 ஆகச் சுருக்கினார். வகுப்பறைகளில் வட்டமாக வரைந்து காட்டப்படுவது பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டுதான். "ஸ்ரார் வோர்ஸ்" எடுத்த ஜோர்ஜ் லூக்காஸ் கம்பெலின் நூலால் தூண்டப்பட்டவர் என்பதால் அது இன்னும் பரவிற்று.

கல்கி கம்பெலை வாசித்துவிட்டு எழுதினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வாசித்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு வாலிபன் குதிரையில் ஓலையோடு புறப்படும் கதையை எழுதத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலாவது தொகுதிக்கு நாங்கள் அந்த வட்டத்தை முதல் நாளே கொடுத்தோம். அன்றிருந்த எண்ணம், வரைபடம் கையில் இருந்தால் வழி தவறாது என்பது. மூன்றாம் கிழமை ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்தபோது பன்னிரண்டு கட்டங்களின் முதலெழுத்துகளைக் கோத்து மனனம் செய்ய ஒரு வாக்கியம் உண்டாக்கி வைத்திருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. எங்கள் பரீட்சை முறை அவளை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த இரண்டு தொகுதிகளுக்கும் வட்டத்தை எட்டாவது கிழமைவரை காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆசிரியர்களுக்கு எங்கள் சிபாரிசும் அதுவே. முதலில் கதை, பிறகு வட்டம். வட்டம் முதலில் வந்தால் கதை இடைவெளி நிரப்பும் வினாவாகிவிடுகிறது.

ஓர் உதாரணம். வட்டத்தில் மூன்றாவது கட்டம் "அழைப்பை மறுத்தல்". நாயகன் முதலில் தயங்குவான், பயப்படுவான், பிறகுதான் புறப்படுவான் என்பது அதன் கருத்து. வந்தியத்தேவன் எங்கே மறுக்கிறான்? ஆதித்த கரிகாலன் ஓலையைக் கொடுக்கிறான், இவன் குதிரை ஏறிவிடுகிறான். கதை தொடங்கும்போதே வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்குப் பார்த்துக்கொண்டு வருகிறான். வழியெல்லாம் வாயைக் கொடுத்து வம்பை வாங்குகிறானே தவிர, மறுக்கவேயில்லை. வட்டத்தை முதலே வாங்கிய பிள்ளைகள் எங்காவது ஒரு மறுப்பைத் தோண்டி எடுக்க இரண்டு கிழமை மினக்கெட்டார்கள். வட்டத்தைப் பிறகு வாங்கிய பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்டார்கள்: இந்தக் கதையில் மறுப்பவர் யார்?

விடை உடனே வந்தது. அருள்மொழிவர்மன். அநுராதபுரத்தில் நள்ளிரவில் பிக்குமார் கூடி இலங்கையின் சிம்மாசனத்தையே அவனுக்குக் கொடுக்க முன்வருகிறார்கள். அவன் வேண்டாமென்கிறான். கதையின் முடிவிலும் சோழ மகுடத்தை இன்னொருவர் தலையில் வைக்கிறான். "தியாகச் சிகரம்" என்று கடைசிப் பாகத்துக்குப் பெயரே அதனால்தான். கம்பெலின் வட்டத்தில் மறுப்பு என்பது தாண்டிப் போகவேண்டிய ஒரு பலவீனம். கல்கியின் நாவலில் மறுப்புத்தான் உச்சம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றி ஒரு முழுக் காலைப்பொழுது பேசினோம். வாய்ப்பு வந்தால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று காலை மாலை சொல்லிக்கொடுக்கப்படும் பிள்ளைகள், வேண்டாமென்று சொல்வதும் துணிவுதானா என்று தங்களுக்குள் வாதாடியது கேட்க இனிமையாக இருந்தது. வீட்டார் தெரிவுசெய்த உயிரியல் பிரிவைப் பற்றி அன்று சில பிள்ளைகள் மெல்லக் கதைத்தார்கள் என்பதைப் பெற்றோர் முன்னிலையில் விரிவாகச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. வைத்தியராகிவிட்ட ஒருவர் அதைச் சொல்வதும் பொருத்தமில்லை.

அடுத்தது கடல். பழையாறையில் குந்தவை ஓலையைக் கொடுத்து வந்தியத்தேவனை இலங்கைக்கு அனுப்புகிறாள். மூலிகை சேர்க்கப் போகிறோம் என்ற சாட்டோடு வைத்தியர் மகன் ஒருவனும் கூடவே கோடிக்கரைக்குப் போகிறான். (அந்த வைத்தியர் மகனின் நடத்தை எங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதல்ல. பிள்ளைகள் அதை எங்களுக்கு ஞாபகப்படுத்தத் தவறுவதில்லை.) அங்கிருந்து இரவில் கடலைக் கடக்கிறான். கம்பெலின் மொழியில் இது "வாசலைத் தாண்டுதல்". தெரிந்த உலகம் முடிந்து தெரியாத உலகம் தொடங்கும் இடம். எங்களுக்கோ அந்தத் தெரியாத உலகம் சொந்த ஊர். பிற்பாடு கதை தொண்டைமானாற்று முகத்துவாரத்துக்கு வரும்போது, வடமராட்சியிலிருந்து வரும் பிள்ளைகள் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்கள். கல்கி இந்நாவலுக்காக இலங்கைக்கு வந்து பார்த்துச் சென்றவர் என்று சொன்னால் இன்னும் மகிழ்ச்சி.

அந்த இடத்தில்தான் இரண்டாம் தொகுதியில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "அக்கா, வள்ளம் வலிச்சது பூங்குழலி. கடல் தெரிஞ்சதும் அவளுக்குத்தான். அவன் சும்மா இருந்துகொண்டு போறான். பிறகேன் பயணம் வந்தியத்தேவனுக்கெண்டு சொல்லுறியள்?"

இதற்கு எங்களிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. கம்பெல் சாரா லோறன்ஸ் கல்லூரியில் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் படிப்பித்தவர். அவர் அங்கிருந்த காலத்தின் பெரும்பகுதியிலும் அது பெண்களுக்கான கல்லூரி. அத்தனை வருடம் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவரிடம் பெண்ணின் பயணம் எதுவென்று மொரீன் மேர்டொக் என்ற உளச்சிகிச்சையாளர் கேட்டபோது, பெண்ணுக்குப் பயணம் தேவையில்லை, எல்லோரும் சென்றடைய முயலும் இடமே அவள்தான் என்ற கருத்தில் பதில் சொன்னாராம். மேர்டொக்குக்கு அது போதவில்லை. 1990 இல் "நாயகியின் பயணம்" என்று தானே ஒரு நூல் எழுதினார். எங்கள் பிள்ளைக்கும் அது போதவில்லை. "இடமெண்டால் அசையாமலெல்லோ இருக்கவேணும்" என்றாள். பூங்குழலி அசையாமல் இருப்பவள் அல்ல. வந்தியத்தேவனைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறாள், பிறகு சுழிக்காற்றில் அவனையும் இளவரசனையும் கடலிலிருந்து மீட்கிறாள், காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த இளவரசனை ஓடத்தில் வைத்து நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குச் சேர்ப்பிக்கிறாள். (அது மலேரியாவா, டெங்குவா என்று ஒவ்வொரு தொகுதியும் எங்களைக் கேட்கும். குருதிப் பரிசோதனை அறிக்கை கல்கி தரவில்லை என்று தப்பித்துக்கொள்வோம்.)

எனவே பயிற்சியை மாற்றினோம். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு பாத்திரங்கள். ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்தவரின் பயணத்தை ஒரு பிறவுண் தாளில் வரையவேண்டும். பூங்குழலி, குந்தவை, வானதி, நந்தினி, மணிமேகலை, மந்தாகினி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன் என்று பிரித்தோம். தாள்களை நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தபோது, ஒருவரின் புறப்பாடு இன்னொருவரின் சோதனையாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நந்தினிக்கு வந்தியத்தேவன் ஒரு தடை மட்டுமே. மந்தாகினி தேவியை எடுத்த பிள்ளை தன் தாளில் ஒரு சொல்கூட எழுதவில்லை. அவள் காது கேளாதவள், வாய் பேசாதவள். தன் கதையைச் சுவரில் வரைந்த சித்திரங்களால்தான் இளவரசனுக்குச் சொல்கிறாள். "அவவுக்கு இல்லாத சொல்லை நான் எப்பிடிப் போடுறது" என்றாள் அந்தப் பிள்ளை. நல்ல வாசிப்பு என்பது இதுதான் என்று தமிழ் படிப்பிக்கும் எங்கள் தோழி சொன்னார்.

"நாயகன்" என்ற சொல்லையும் சொல்லவேண்டும். முதலில் "வீரனின் பயணம்" என்றுதான் கரும்பலகையில் எழுதினோம். எழுதிய பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்கள் மண்ணில் அந்தச் சொல்லின் பாரம் வேறு. அதை அழிக்கவுமில்லை, விளக்கவுமில்லை. என்ன சொல்லைப் போடலாம் என்று பிள்ளைகளிடமே விட்டோம். தலைவன், கதாநாயகன், பயணி என்றெல்லாம் வந்தது. "நாயகன்" என்று முடிவாயிற்று. சினிமா வாசனை அடித்தாலும் பரவாயில்லை என்றார்கள்.

எட்டாவது கிழமை வட்டத்தைக் கொண்டுவருவோம் என்றோம் அல்லவா? மூன்றாம் தொகுதியில் அதை வரைந்து முடித்ததும், வழக்கமாகக் கதைக்காத ஒரு பிள்ளை பின்வரிசையிலிருந்து கேட்டாள்: "அக்கா, திரும்பி வராத ஆக்களை இதிலை எங்கை போடுறது?"

நாவலுக்குள்ளேயே அந்தக் கேள்வி இருக்கிறது. கரிகாலன் திரும்பவில்லை. மந்தாகினி தஞ்சை அரண்மனையில் சுந்தர சோழர்மேல் எறியப்பட்ட வேலைத் தானே ஏற்று இறக்கிறாள். மணிமேகலை சித்தங்கலங்கி வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். கம்பெலின் வட்டம் இவர்களுக்காக வரையப்பட்டதல்ல, திரும்பி வந்தவனுக்காக வரையப்பட்டது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது மணிமேகலையை அல்ல என்பது அறையில் எல்லோருக்கும் விளங்கியது. அன்று நாங்கள் யாரும் அவளைத் துருவவில்லை. வட்டத்தின் ஒரு பக்கத்தை அழித்துத் திறந்து விட்டோம், அவ்வளவுதான். சில கிழமைகளுக்குப் பிறகு அவளாகவே சொன்னாள். அவர்களின் வீட்டில் மாமாவின் படம் ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது, சுவரில் மாட்டுவதில்லை, மாட்டினால் மாலை போடவேண்டி வரும் என்று அம்மம்மா விடுவதில்லை.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், இது வைத்தியராகச் சொல்வது. வகுப்பறையைச் சிகிச்சை அறையாக்கக் கூடாது. "உன் வாழ்க்கையில் நடந்த பயணத்தை எழுது" என்ற பயிற்சியைப் பல பாடத்திட்டங்கள் சிபாரிசு செய்கின்றன. நாங்கள் அதைக் கொடுப்பதில்லை. பாத்திரத்தைப் பற்றி எழுதினால் போதும். சொல்ல விரும்பும் பிள்ளை பூங்குழலியின் பெயரில் சொல்லும். விரும்பாத பிள்ளைக்கு நாவல் ஒரு திரையாக இருக்கும். அந்தத் திரையை விலக்க எங்களுக்கு உரிமையில்லை. யாராவது ஒரு பிள்ளை உண்மையில் உடைந்துபோனால், பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் கூட்டிச்செல்வதும், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவதும் வேறு வேலை. அது சனிக்கிழமை வட்டத்தின் வேலை அல்ல.

விடுதிகளில் நாங்கள் தினமும் கேட்கும் கதைகளும் இதற்கு வெளியே இல்லை. ஆதர் பிராங்க் என்ற சமூகவியலாளர், மாரடைப்பையும் புற்றுநோயையும் தானே அனுபவித்தவர், நோயாளர் சொல்லும் கதைகளை 1995 இல் மூன்றாக வகுத்தார். "சுகமாகிவிடுவேன், பழையபடி ஆகிவிடுவேன்" என்பது ஒன்று. நோயின் வழியே எதையோ தேடிக் கண்டடைவது இன்னொன்று, இதை விளக்க அவர் கம்பெலைத்தான் எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது, தலையும் காலும் இல்லாத குழப்பக் கதை. சொல்பவருக்கே அது கதையாக அமையாது. வைத்தியர்களுக்கு முதலாவது கதை பிடிக்கும். பத்திரிகைகளுக்கு இரண்டாவது பிடிக்கும், "புற்றுநோயைப் போராடி வென்றார்" என்று தலைப்பிடுவார்கள். அப்படியானால் இறந்தவர் போராடவில்லையா? மூன்றாவதைக் கேட்கத்தான் ஆளில்லை. நீரிழிவால் காலை இழந்து வீடு திரும்பும் ஒருவரை உறவினர் "தப்பிவிட்டாய், இனியென்ன" என்று வரவேற்பார்கள். அவருக்கோ கிணற்றடிக்குப் போவதே கடல் கடப்பதுதான். கம்பெல் மீள்வருகையை ஒரு முழுப் பகுதியாக வைத்தது இந்த வகையில் சரியென்று எங்களுக்குத் தோன்றுகிறது. திரும்பி வருவது முடிவல்ல, இன்னொரு வேலை.

கல்கிக்கும் அந்த வேலை மிச்சமிருந்தது. தொடர் முடிந்ததும், பாத்திரங்கள் பிறகு என்னவானார்கள் என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்ததால் ஒரு முடிவுரை எழுதிச் சேர்க்கவேண்டி வந்தது. பிள்ளைகளுக்கு அந்த முடிவுரையைக் கடைசி நாளில் வாசித்துக் காட்டுவோம். பெரும்பாலானோருக்குத் திருப்தி இருக்காது. தாங்களே எழுதிக்கொண்டு வருவார்கள். மூன்றாம் தொகுதியில் ஏழு பேர் பூங்குழலியை அரண்மனையிலிருந்து மீண்டும் கோடிக்கரைக்கு அனுப்பியிருந்தார்கள்.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு யோசனை. மீள்வருகையை விளக்க வேற்றுநாட்டு உதாரணம் தேடவேண்டாம். ஆற்றுப்படை இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து அந்த வகை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவருக்கு வழி சொல்வது. எந்தக் காட்டில் என்ன கிடைக்கும், எங்கே தங்கலாம், யாரிடம் போகவேண்டும் என்பதெல்லாம். கம்பெல் "பேறோடு திரும்புதல்" என்றதை நம் புலவர்கள் ஓர் இலக்கிய வகையாகவே வைத்திருந்தார்கள். புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்ற துறையும் உண்டு, அங்கே வழி சொல்லப்படுவது ஒரு பெண்ணுக்கு. பரீட்சைக்காக ஆற்றுப்படையின் இலக்கணத்தைப் பாடமாக்கிய பிள்ளைகள், வந்தியத்தேவனுக்குப் பிறகு அதை வாசித்தபோது "இது அதுதானே அக்கா" என்றார்கள்.

கடைசியாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். நாவல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம் என்பது உண்மை. ஆனால் கைத்தொலைபேசியில் 293 அத்தியாயங்களை வாசிக்கச் சொன்னால், பிள்ளை ஐந்தாவது அத்தியாயத்தில் வேறெங்கோ போய்விடும். நூலகத்தில் இப்போது இருப்பது முழுமையான இரண்டு தொகுப்புகள். பன்னிரண்டு வேண்டும். நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டுவது பற்றி ஆலோசனை நடப்பதாக அறிகிறோம். வளைவு வேண்டாமென்று சொல்ல நாங்கள் வரவில்லை, அதில் இரண்டு தூண் குறைந்தால் புத்தகங்கள் வந்துவிடும் என்பதை மட்டும் பொருளாளர் அக்காவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

நான்காம் தொகுதி வருகிற மாதம் முதற் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகத்தில் தொடங்குகிறது. வரவிரும்பும் பிள்ளைகள் நூலகரிடம் பெயர் கொடுங்கள். படம் பார்த்தவர்களும் வரலாம், பார்க்காதவர்களும் வரலாம். கொப்பி கொண்டுவரத் தேவையில்லை.